எர்த்தில் வந்த இரைச்சல்

இந்த மாதிரிக் கதை சொல்கிறவர்களை நான் ஒருநாளும் மதித்தவன் இல்லை. குன்னத்தில் ஒரு வீட்டில், கிரைண்டரைத் தொட்டால் யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று அதற்கு வேப்பிலை கட்டி வைத்திருந்தார்கள். நான் போய் அறுந்து கிடந்த எர்த் வயரை மாட்டிவிட்டு, வேப்பிலையை ஆட்டுக்குப் போடச் சொல்லிவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட ஆள். அதனால் நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. நம்பினால் நம்புங்கள், நடந்தது இதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் செந்துறையில் ஓர் அரசாங்க ஆபீசில் எழுத்தராக இருந்தேன். பொழுதுபோக்கு ஹாம் ரேடியோ. முறைப்படி பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, செட்டையும் ஆம்ப்ளிஃபையரையும் நானே கட்டி, கொல்லை வேப்பமரத்திலிருந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஆன்டெனாக் கம்பி இழுத்து, வெளியூரில் என்னைப் போலவே பைத்தியம் பிடித்தவர்களோடு பேசுவேன். பேசிய நேரத்தைவிட ரிப்பேரில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம் என்பதை மறைக்கவில்லை. என் மனைவி வசந்தாவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. "ஊரே போன்ல பேசுது, நீங்க மட்டும் இந்த ஒதவாத பொட்டியக் கட்டிக்கிட்டுக் கத்துங்க" என்பாள்.

செட் நன்றாக வேலை செய்ய நல்ல எர்த் வேண்டும். எங்கள் மண்ணோ மழை இல்லாவிட்டால் வெடித்துக் கிடக்கிற மண். அதனால் ஆளுயரக் குழி வெட்டி, கரியும் கல் உப்பும் போட்டு, இரும்புக் குழாயை இறக்கி, செடிக்கு ஊற்றுவது போலத் தண்ணீர் ஊற்றி வருவேன். குழி வெட்டும்போது கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் வந்தன, எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமியாம், எங்கே தோண்டினாலும் வரும். உப்பு மட்டும் வசந்தாவின் பிறந்த ஊரான வேதாரண்யம் பக்கத்து உப்பு. அவள் ஊருக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் ஒரு மூட்டை கொண்டுவருவாள்.

ஓர் ஐப்பசியில் வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தக் கரையோரத்தில் புயல் அடித்தது. போன் கம்பியெல்லாம் விழுந்துவிட்டது, பஸ் இல்லை. வசந்தாவின் தம்பி செல்வம் விசைப்படகில் இஞ்சின் மெக்கானிக். படகோடு போனவன் திரும்பினானா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் முதல்முறையாக, வசந்தா என் செட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, இதுல எந்தம்பியப் பத்திக் கேக்க முடியுமா?"

உடனே செட்டைப் போட்டு விசாரித்தேன். நாகப்பட்டினத்தில் ரஃபீக் பாய் என்று ஒரு ஹாம் நண்பர் பேட்டரியில் செட்டை ஓட்டி, உறவுக்காரர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வத்தைப் பற்றி விசாரித்து மூன்று மணிக்குச் சொல்வதாகத் திருச்சியிலிருக்கிற இன்னொரு ஹாம் நண்பர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். சிக்னல் தெளிவாக வரட்டும் என்று, நான் போய் எர்த் குழியில் ஒரு வாளித் தண்ணீரும் வீட்டிலிருந்த உப்பு மொத்தமும் கொட்டினேன்.

வந்தது வினை. செட்டைப் போட்டால் ஹோவென்று ஒரே இரைச்சல். விட்டு விட்டு ஏறுகிறது, இறங்குகிறது, மனுஷக் குரல் எதுவும் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபையரைத் திறந்து கெபாசிட்டரை மாற்றினேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன், சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் சால்டரிங் வைத்தேன், அப்படியே இருந்தது. கரண்டில்தான் கோளாறு என்று மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டினேன், அப்போதும் இரைச்சல். தூறலில் மரமேறி ஆன்டெனா ஜாயின்டைப் பார்த்தேன், முழங்கை கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் ஆன்டெனாவையே கழற்றி வைத்தேன். ஆன்டெனா இல்லாத செட் ஊமை மாதிரி இருக்க வேண்டும். இது அப்போதும் இரைந்தது. மணி இரண்டே முக்கால். பத்து வருஷம் கழித்து ஒரே ஒரு உதவி கேட்டிருக்கிறாள், அதைக்கூடச் செய்ய முடியாத சனியனை இத்தனை நாள் கொஞ்சியிருக்கிறேனே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அப்போதுதான் வசந்தா ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"இது கடலுங்க."

"கடல் எங்க இருக்கு, செந்துறை எங்க இருக்கு? சும்மா இரு."

"நா பொறந்த எடத்துச் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "செல்வம் பேசுறாங்க. கூட இன்னொருத்தரும் கத்துறாரு."

ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டேன். எனக்கு வெறும் இரைச்சல்தான். அவள் அதைத் திரும்ப வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டாள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து, அந்தப் பயமும் கோபமாகத்தான் வெளியே வந்தது. அழுத்தினால்தான் குரல் வெளியே போகும், அந்த மைக் பட்டனைக்கூட அழுத்தவில்லை, செட்டின் மண்டையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு, "வர்றியா இல்லையா? வா, வந்து தொலை!" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். "வரேன் வரேங்குறாங்க ரெண்டு பேரும்!" என்றாள் வசந்தா. மூன்றடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மிச்சமிருந்த ஒரே வயரை, எர்த் வயரை, பிடுங்கினேன்.

இரைச்சல் அந்தக் கணமே நின்றது.

"ஏங்க எடுத்தீங்க?" என்று வசந்தா அலறினாள். நான் கேட்காமல் ஆன்டெனாவை மாட்டினேன். ரஃபீக் பாய் குரல் கண்ணாடி மாதிரி வந்தது. படகு இன்னும் கரைக்கு வரவில்லை, தேடுகிறார்கள் என்றார். மறுபடி ஆறு மணிக்கு வந்தார். "செல்வம் கெடச்சுட்டாரு, அல்ஹம்துலில்லாஹ்! வேற படகுக்காரங்க தூக்கியாந்துட்டாங்க." வசந்தா என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றைக்கு நான் எவ்வளவு பெருமையாகத் தூங்கினேன் தெரியுமா!

இரண்டு வாரம் கழித்து செல்வம் வந்தான். உள்ளங்கையெல்லாம் தோலுரிந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகக் கேட்டான்.

"மாமா, அன்னிக்கு மத்தியானம் யார அப்புடித் திட்டுனீங்க?"

"என்னிக்குடா?"

"நானும் இன்னொரு அண்ணனும் ஒடஞ்ச பலகையப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தோம். கண்ணு சொருவுது. அப்ப ஒங்க கொரலு. வர்றியா இல்லையா, வந்து தொலைன்னு. நீங்கதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த அண்ணனுக்கும் கேட்டுச்சு மாமா. கரை கிட்டதான் இருக்குன்னாரு. ரெண்டு பேரும் வரேன் வரேன்னு கத்துனோம்."

எனக்குக் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"அப்பறம் கொரலு பட்டுன்னு நின்னுபோச்சு. அவரு ரொம்ப நேரம் காதக் குடுத்துக் கேட்டாரு. நம்மள வுட்டுட்டுப் போயிட்டாங்க தம்பின்னாரு. பலகையில இருந்த கைய வுட்டுட்டாரு."

இரைச்சல் வந்தால் ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். வசந்தா முன்கூட்டியே தம்பியிடம் ஏதாவது சொன்னாளா என்றும் கேட்டுவிட்டேன், இல்லை என்றாள். அரை மயக்கத்தில் கிடந்தவன் எதையோ கேட்டிருக்கிறான் என்று எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. சொல்லச் சொல்ல எரிச்சல்தான் வருகிறது.

அன்றைக்கு செல்வம் பேசும்போது வசந்தா ரசப் பாத்திரத்தோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. நான் வயரைப் பிடுங்கின நிமிஷம் வரைக்கும் ஹெட்போன் அவள் காதில்தான் இருந்தது. அந்த இன்னொரு ஆள் கடைசியாக என்ன கத்தினார் என்பது அவளுக்குத் தெரியும். நான் கேட்டதில்லை.