குவியலை மூடிய ஓவியம்

என் மகள் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் புதுச்சேரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தாள். அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. முதல் ஆண்டுத் தேர்வில் தவறினால் பழைய படிப்புக்கே திரும்ப வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ஓவியம் எப்படி மாறியது என்பதைத் தேர்வுக்கு எடுத்துக்கொண்டாள். கட்டுரையோடு அந்தப் பாணியில் ஒரு படமும் கொண்டுபோக வேண்டும். நான் தோசை சுடச் சுட அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதுவரை ஓவியம் என்றால் எல்லோரும் பாரிஸைத்தான் பார்த்தார்களாம். போருக்குத் தப்பிய ஐரோப்பியக் கலைஞர்கள் பலர் நியூயார்க்கில் வந்து இறங்கினார்கள். அத்தனை சாவுக்குப் பிறகும் பூவையும் பழத்தையும் வரைந்துகொண்டிருக்க அங்கிருந்த சிலருக்கு மனம் ஒப்பவில்லை. சுவரளவு துணியைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி நடந்து பெயிண்டைச் சொட்டவிட்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சரான எனக்கே பாதிதான் புரிந்தது. இதற்கெல்லாம் மார்க் போடுவார்களா என்று மட்டும் கேட்டேன்.

பன்னிரண்டடித் துணியை விரிக்க வீட்டில் இடமில்லை. பின்னால் உப்பளக் கரையில் விரித்து, கதவுக்கு அடிக்கும் பெயிண்டை நீலமும் சிவப்புமாகச் சொட்டிக் காயவிட்டு வந்தாள். மதியம் வானம் கறுத்தது. நாங்கள் ஓடிப்போனபோது துணியைக் காணோம். பக்கத்து அளத்தில் உப்பு வாரும் பெண், மழைக்குப் பயந்து அதைத் தன் உப்புக் குவியல்மேல் போர்த்தி ஓரத்தில் கல்லும் வைத்திருந்தாள். வண்ணப் பக்கம் அடியில். பெயிண்டர்கள் கீழே போட்டுவிட்டுப் போன பழந்துணி என்று நினைத்தாளாம்.

நாலு தூறலோடு மழை நின்றது. துணியை உரித்தெடுத்தோம். படம் முழுக்க உப்பு அப்பியிருந்தது. குவியலின் உச்சியில் நீலமும் சிவப்பும். மறுநாள் தேர்வு. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மகளோ நிதானமாகப் போரிலிருந்து ஆரம்பித்து அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சண்டை போட்டதும் அவனுங்க, பெயிண்ட்ட ஊத்துனதும் அவனுங்க. கெட்டது எம் உப்பா, டீச்சர்?"

மகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்ணம் பட்ட உப்பை மூவருமாக வழித்து ஒதுக்கினோம். படத்தைத் துடைப்பத்தால் தட்டப் போனேன். மகள் விடவில்லை. அந்த ஓவியர்கள் தற்செயலாக நடப்பதற்கும் படத்தில் இடம் விட்டார்கள், நடந்ததை நடந்தபடியே கட்டுரையில் எழுதிவிடுகிறேன் என்றாள்.

மறுநாள் கல்லூரி வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். இதில் உன் வேலை எவ்வளவு என்று ஆசிரியர் கேட்டாராம். பாதிதான் என்று சொல்லி, உப்புக்காரம்மா கேட்ட கேள்வியையும் சொன்னாளாம். தேறிவிட்டாள். படத்தை வராந்தாவில் மாட்டப் போகிறார்களாம்.

எனக்குக் கண் நிறைந்தது. கூடவே அடுத்த கவலையும் வந்தது.

"ஏண்டி, ஐப்பசி மழையில உப்பு தண்ணி விடுமே. படம் ஒழுகுமே?"

"ஒழுகட்டும்மா," என்றாள், பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தபடி.