கனகசபை சேரும் சேவ் ஆகாத ஃபோர்மும்

கனகசபை சேர் போயிட்டாராம்.

காலையில் பழைய ஒபிஸ் குரூப்பில் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள்... நல்ல மனிதர், நேர்மையானவர், வேலையைத் தெய்வமாக மதித்தவர்.

நேர்மை சரி. நல்ல மனிதர் என்று மட்டும் என்னால் டைப் பண்ண முடியாது, மன்னிக்கவும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்டியில் கணக்குப் பார்க்கிற ஒரு சின்ன ஒடிட் ஒபிஸ். சேர் யாழ்ப்பாணத்துக்காரர், டக்ஸ், அதாவது வரி வேலை முழுக்க அவர் கையில். நான் பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வந்தவள்.

எனக்குத் தந்தது ஒபிஸிலேயே பழைய லெப்டொப். பெட்டரி செத்துப்போனது, பிளக் குத்தினால்தான் உயிர் வரும். வருமான வரி ஃபோர்மை அதில் திறந்து கட்டங்களை நிரப்பலாம், ஆனால் சேவ் ஆகாது. நிரப்பின கையோடு பிரிண்ட் எடுக்க வேண்டும். மூடினால் அடித்ததெல்லாம் போச்சு.

சேர் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். ஓர் எழுத்து பிழைத்தால் போதும்... குனிந்து பிளக்கைப் பிடுங்குவார்.

"திரும்ப அடியும்."

அவ்வளவுதான். கோபப்படக்கூட மாட்டார். ஒரே நாளில் ஐந்து தரம் பிடுங்கியிருக்கிறார். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து திரும்ப அடித்திருக்கிறேன்.

ஒபிஸ் ஐடி கார்ட் கேட்டேன். "முதல்ல நீர் நிண்டு பிடிக்கிறீரோ எண்டு பாப்பம்" என்றார். ஒரு வருஷம் ஆகியும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது யுத்தத்தின் கடைசிக் காலம். கெலிஓயாவில் ஒரு ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடைக்கு ஃபோர்ம் நிரப்ப அந்த லெப்டொப்போடு போனேன். காலை முழுக்க உட்கார்ந்து நிரப்பி முடித்தால், கடை பிரிண்டரில் மை இல்லை.

வேறு பெயரில் சேவ் பண்ணினால் தங்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஹாஜியார் கடைப் பெயரைப் போட்டு சேவ் பண்ணினேன். ஃபைல் வந்தது. சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

வழியில் செக்பொயிண்ட். எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டை, தமிழ்ப் பெயர், பைக்குள் லெப்டொப்... என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்கள்.

டக்ஸ் ஃபோர்ம் நிரப்பப் போனேன் என்றேன். காட்டு என்றார் அதிகாரி. காவலறையில் பிளக் குத்தி, அது எழும்பி வர ஒரு யுகம் ஆனது. ஃபைலைத் திறந்தேன்.

ஒரு கட்டத்தில்கூட ஒன்றும் இல்லை. எல்லாம் வெறுமை.

அதிகாரி லெப்டொப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஒபிஸ் நம்பரைக் கேட்டு அடித்தார். சேர்தான் எடுத்தார். இந்தப் பெண் உங்கள் ஒபிஸில் வேலை செய்கிறாளா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். ஒரு 'ஓம்' போதும். ஒரே ஓர் 'ஓம்' சொன்னால் அடுத்த பஸ்ஸில் போய்விடுவேன். கும்பிட்டபடி நின்றேன்.

போனில் சேரின் குரல் எனக்கே கேட்டது. நல்ல சுத்தமான சிங்களத்தில் சொன்னார்... அப்படி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. இரண்டு நாள் பொலிஸ் ஸ்டேஷனில் இருந்தேன். அந்த இரண்டு நாளைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

பஸ்ஸில் வந்த யாரோ சொல்லி, ஹாஜியார்தான் கடைப் பேப்பர்களோடு வந்து பேசி என்னை எடுத்தார். வெளியே வந்ததும், "வாங்க மகள், டீ ஒண்டு குடிச்சிட்டு போம்" என்றார். இன்றைக்கும் என் பூசையில் அந்த மனிதர் உண்டு.

திங்கட்கிழமை ஒபிஸ் போனேன். போகாமல்? பன்விலப் பிள்ளைக்குக் கண்டியில் வேறு வேலை தட்டில் வைத்தா தந்தார்கள்?

சேர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஃபோர்ம் எங்க?"

"அழிஞ்சி போச்சுங்க சேர்."

"பிரிண்ட் எடுக்காமல் மூடினா அழியும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கொழுந்து பறிக்கிற கையில கீபோர்ட்டைக் குடுத்தது என்ர பிழை."

எண்பத்து மூன்று கலவரத்தில் அவர் வீட்டை எரித்தார்களாம், அதிலிருந்து யாருக்காகவும் வாய் திறக்க மாட்டாராம்... ஒபிஸில் ஒருவர் பிறகு சமாதானம் சொன்னார். இருக்கட்டும். தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தையும்தான் எரித்தார்கள். எங்கப்பா அதற்குப் பிறகும் அடுத்தவனுக்காகப் பொலிஸுக்குப் போனவர்.

போன வருஷம் ஒரு நாள் போன் வந்தது.

"பிள்ளை, நான் கனகசபை கதைக்கிறன்... உந்த டக்ஸ் ஃபோர்மில கட்டம் ஒண்டும் தெரியுதில்லை. 'பொறுங்கோ' எண்டு இங்கிலீசில காட்டிக்கொண்டு நிக்குது. பிள்ளையள் கனடாவில, கேக்க ஒருத்தரும் இல்லை. உமக்கு உது தெரியுமெல்லோ? எங்கட அந்தப் பழைய லெப்டொப்தான்."

தெரியும். அரை நிமிஷ வேலை.

"கனகசபையா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்களே" என்றேன்.

"ஓம்... சரி பிள்ளை" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு தரம் அடித்தார். எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு நல்ல நித்திரை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்குக் காலையில் இருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்று கேட்காதீர்கள்.

சேர்... அந்த ஃபோர்மை பிரவுசரில் திறக்கக் கூடாது. முதலில் டவுன்லோட் பண்ணுங்க, பிறகு பிடிஎஃப் ரீடரில் திறங்க. கட்டங்கள் எல்லாம் வரும்.

போயிட்டு வாங்க.