கோழிக்கூட்டில் கொட்டிய உப்பு

எந்த ஊருக்குப் பிழைக்கப் போனாலும், கோழி வளர்க்கிற வீடு கண்ணில் பட்டால் நான் முதலில் பார்ப்பது கூட்டைத்தான். பலகைச் சந்தில் விரலை விட்டுத் தடவுவேன். விரலில் சிவப்பாகக் கறை படிந்தால் உள்ளே ரத்தம் குடிக்கிற செள்ளுப் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். செங்கல் சூளை, இறால் பண்ணை, நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை என்று ஒரு இடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. ஆனால் கோழி விஷயத்தில் என்னிடம் வாய் கொடுத்து யாரும் ஜெயித்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு ஒன்பது வயதில் வந்தது.

அப்போது மரக்காணத்தில் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் நிரம்பிவிடும். தை பிறந்து தண்ணீர் வடிகிற வரைக்கும் வேலை கிடையாது. அந்த மூன்று மாதமும் எங்கள் அடுப்பு எரிந்தது கோழிகளால்தான். முட்டை இருக்கும். அரிசி தீர்ந்தால் ஒரு சேவலை விற்கலாம். அந்த வருடம் பதினான்கு கோழிகள் இருந்தன.

ஆவணியில் செள்ளு வந்தது. கோழிகளின் கொண்டை வெளுத்துப் போயிற்று. அடைக்கு உட்கார்ந்த பெட்டை முட்டைகளை விட்டுவிட்டு எழுந்து ஓடியது. கூட்டுக்குள் போய் வந்தால் எனக்கும் கைகால் முழுக்க அரித்தது. கூடு, உடைத்துப் போட்ட ஒரு பழைய படகின் பலகையில் அப்பா அடித்தது. செள்ளு பகலெல்லாம் அந்தப் பலகைச் சந்தில் ஒளிந்திருந்து, இருட்டியதும் இறங்கி வந்து ரத்தம் குடிக்கும். இது எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் கோழியின் இறக்கையிலும் கூட்டின் தரையிலுமே தேடிக்கொண்டிருந்தோம்.

"உப்புல எந்தப் பூச்சி உசுரோட இருக்கும், சொல்லு?" என்றார் அப்பா.

எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. உப்புப் பாத்தியில் ஓர் எறும்பைக்கூடப் பார்க்க முடியாது. பாத்தியின் அடியில் சேறு கலந்து மிஞ்சுகிற உப்பை யாரும் வாங்க மாட்டார்கள். அப்பா மேஸ்திரியிடம் கேட்டு, அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கூட்டின் தரையில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினார். பரப்பிவிட்டு, பெரிய வீடு கட்டி முடித்தவர் போலக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார்.

நாலாம் நாளே கோழிகள் சோர்ந்துபோயின. தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவில்லை. குடித்துக்கொண்டே இருந்தன, தண்ணீராகக் கழிந்தன. காலை இழுத்து இழுத்து நடந்தன. ஆறாம் நாள் காலையில் கூட்டைத் திறந்தபோது இரண்டு செத்துக் கிடந்தன. மறுநாள் இன்னொன்று.

"கூட்டை ஒழுங்கா பெருக்கி வெச்சிருந்தா இது வருமா? என்னாத்ததான் பாக்குற வீட்ல?" என்று அப்பா அம்மாவைத் தெருவே கேட்கிற மாதிரி திட்டினார். அம்மாவும் விடியற்காலையிலேயே எழுந்து அவரோடு உப்பு சுமக்கப் போகிறவள்தான். அவள் செத்த கோழிகளைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தாள்.

பொம்மையார்பாளையத்திலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, வந்து பார்த்தார். கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாலுக்கடியில் பார்த்தார்.

"இது கழிச்சல்க்கா. வந்துச்சுன்னா ஒண்ணையும் விட்டு வெக்காது. நாளைக்கு காலைல எல்லாத்தையும் அறுத்துடலாம்."

"மழைக்காலத்துக்கு என்ன பண்றது?" என்று அம்மா கேட்டாள்.

மாமா கையைக் கழுவப் போனார்.

மறுநாள் விடிந்ததும் கூட்டைச் சுத்தம் செய்ய நான் உள்ளே தவழ்ந்து போனேன். அது தினமும் என் வேலை. முந்தின நாள் யாரும் உலை வைக்கவில்லை, எனக்குப் பசி. சாயங்காலம் கோழிகளை அடைப்பதற்காக அம்மா கூட்டுக்குள் நொய் வீசுவாள். அதில் கொஞ்சம் தரையில் மிஞ்சிக் கிடந்தது. பச்சை நொய்யை மெல்வது எனக்குப் பழக்கம்தான். மேலாகப் பொறுக்கி, ஊதி, வாயில் போட்டேன். அத்தனையும் உப்பு. துப்பிவிட்டு இன்னொரு முறை பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். அதிலும் பாதி உப்பு. ரேஷன் அரிசி நொய்யும் அந்தச் சேற்று உப்பும் ஒரே அளவு, ஒரே அழுக்கு நிறம். ஓரத்தில் இருந்த தண்ணீர்ச் சட்டியில் விரலை விட்டு நக்கினேன். கோழிகள் கிளறிக் கிளறி அதிலும் உப்பு விழுந்து, கடல் தண்ணீர் போலக் கரித்தது.

அப்போதுதான் கறுப்புப் பெட்டை ஞாபகத்துக்கு வந்தது. அது கூட்டுக்குள் வராது. முருங்கை மரத்தில்தான் தூங்கும். அதற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

தரையிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். மாமா கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் உள்ளங்கையில் கொட்டினேன்.

"வாயில போடுப்பா."

"நொய்தானே?"

"போட்டுப் பாரேன்."

போட்டார். அவர் முகம் மாறியது. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. மாமா எழுந்து வந்து தானும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"நல்லாருக்குது மாமா. உசுரோட இருக்கறப்பவே உப்பு போட்டுட்ட. மசாலாதான் பாக்கி" என்றார் அப்பாவிடம்.

அம்மா சிரிக்கவில்லை. கோழிகளை வெளியே பிடித்து விட்டாள். நல்ல தண்ணீரை ஒரேயடியாக வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தாள். வெயிலில் மயங்கி விழுகிற உப்பளத்து ஆட்களுக்கும் அவள் அப்படித்தான் தண்ணீர் கொடுப்பாள். அப்பா உப்பு முழுவதையும் வாரி, தரையை ஒரு சாண் வெட்டி எடுத்து, ஆற்று மணல் போட்டார். இன்னும் ஒரு கோழி செத்தது. மற்றவை ஒரு வாரத்தில் தேறிவிட்டன.

மணல் போட்டபோதுதான் செள்ளு எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தோம். ஒரு பலகையைக் கழற்றினால் சந்து முழுக்கச் சிவப்பாக அப்பிக் கிடந்தது. கொதிக்கிற தண்ணீரைச் சந்து சந்தாக ஊற்றினோம். காய்ந்ததும் சுண்ணாம்பில் வேப்பெண்ணெய் கலந்து அடித்தோம். கூட்டுக்கு அடிப்பலகை அடித்து நாலு கால் மேல் தூக்கி வைத்து, செள்ளு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலையும் கழிவு ஆயில் ஊற்றிய டப்பாவுக்குள் நிறுத்தினார் அப்பா. கோழிகள் புரள்வதற்கு அடுப்புச் சாம்பல் கலந்த மண்குழி ஒன்று வெட்டினேன். அந்த மழைக்காலம் முட்டையோடு கழிந்தது.

மாசியில் மறுபடி உப்பு வார ஆரம்பித்தார்கள். டீ குடிக்க உட்காருகிற நேரத்தில் அப்பா இந்தக் கதையைச் சொல்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன். அவர் வாயில் போட்டுப் பார்த்த இடம் வந்ததும் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"ஏம்பா, உப்பு வாரி வாரி உன் கையே தேஞ்சு போச்சு. உனக்குமா உப்பு தெரியல?"

"தெரியலையே. தோ, இவதான் கண்டுபிடிச்சா. ஒம்பது வயசு" என்று என் தலையில் கை வைப்பார். அந்தக் கையின் கனத்தில் நான் ஓர் அங்குலம் வளர்ந்தது போல இருக்கும்.

அந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத இடம் ஒன்றுதான். "தப்பு பண்ணது நானு. திட்டு வாங்கினது அவ. அவ மேல ஒரு குத்தமும் இல்ல" என்று நடுவில் சொல்வார். அதைக் கொஞ்சம் உரக்கவே சொல்வார். பெண்கள் கூடையோடு வரப்பில் போய்க்கொண்டிருப்பார்கள். அம்மா அந்த வரிசையில் இல்லாத நாளில் அவர் கதையையே எடுக்க மாட்டார்.

"போதும், எத்தினி வாட்டி" என்று அம்மா திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போவாள். பெற்ற மகளின் கெட்டிக்காரத்தனம் அவளுக்கு ஏன் கசக்கிறது என்று எனக்குக் கோபமாக வரும்.

ஒரு நாள் அப்பாவிடம் சொன்னேன். "அம்மாவைத் திட்டுனத எல்லாம் விட்டுடுப்பா. கதை நீளமாவுது."

"சரி" என்றார். அடுத்த நாளும் அதை விடாமல் சொன்னார்.