சக்கரம் உருண்ட பிறகுதான் சம்பளம்

காதரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு முருகையன் முதலாளி மேல் கோபம் வந்துவிடும். வரட்டும், அதற்கென்ன இப்போது? நானும் அந்தக் கடையில்தான் சாமான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

தியாகராய நகரில், பனகல் பார்க்குக்கு எதிர்ச் சாரியில் எங்கள் மளிகைக் கடை. மயிலாப்பூர், அடையாறு வீடுகளுக்கு மாதச் சாமான் மோட்டார் வண்டியில் போகும். ஓட்டுகிறவர் காதர். மீர்சாகிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். பஸ்ஸில் கிளீனராக இருந்து தொழில் கற்றவர். ஓட்டினால் மட்டும் வேலை முடிந்துவிடுமா? அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏற வேண்டும். எந்த வீட்டில் வாசலோடு இறக்குவது, எந்த வீட்டில் சமையலறை வரை போகலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். எண்ணெய் டின் ஒழுகினால் அதற்கு வேறு பேச்சு வாங்க வேண்டும்.

யுத்தம் வந்தது, பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். முதலாளி வண்டியின் பின்னால் ஆளுயரப் பீப்பாய் ஒன்றை மாட்டினார். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி நெருப்பு மூட்டினால் வருகிற வாயுவில் வண்டி ஓடும். சொல்லத்தான் சுலபம். காதர் காலை ஆறரைக்கே வந்து, பழைய சாம்பலை வாரி, கரி நிரப்பி, பந்தம் காட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்தால் எட்டு மணிக்கு எஞ்சின் கிளம்பும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் காலணா கிடையாது. சக்கரம் உருண்ட பிறகுதான் சம்பளம் என்பது முதலாளியின் சட்டம்.

நாற்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஒரு நாள், அந்த வாயு முகத்தில் அடித்து, காதர் பீப்பாய் அடியிலேயே மயங்கி விழுந்தார். நான்தான் இழுத்து வந்து காற்றாடக் கிடத்தினேன். மூன்று நாள் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. பார்க்கப் போனபோது அவர் மனைவி ஹாஜிரா பீ, இவர் எழுந்திருக்காமலே போயிருந்தால் என் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அழுதாள். முதலாளியோ அந்த மூன்று நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார். மனுஷனா அவர்?

காதர் சண்டை போடவில்லை. இரண்டே இரண்டு கேட்டார். நெருப்பு மூட்டுகிற நேரமும் வேலை நேரம்தான்; அந்தப் புகையால் படுத்தால் படுத்த நாளுக்கும் சம்பளம் வேண்டும். முதலாளி சிரித்தார். தன் வீட்டில்கூடத் தினமும் அடுப்பு மூட்டுகிறார்கள், சம்பளமா கேட்கிறார்கள் என்றார். இஷ்டமில்லையென்றால் போகலாம், டிரைவருக்கா பஞ்சம் என்றும் சொன்னார்.

மறுநாள் மாதம் பிறந்து இரண்டாம் தேதி. முப்பது வீட்டுச் சாமான் மூட்டை கட்டிக் காத்திருந்தது. ஆறரைக்குக் காதரைக் காணோம். சரியாக எட்டு மணிக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் பீப்பாய் ஜில்லென்று கிடந்தது.

"இன்னா காதர், வெளையாடறியா?" என்றார் முதலாளி.

"வண்டி ஓட்றதுக்குத்தானே மொதலாளி சம்பளம்? ஓட்ட வந்துட்டேன். ஓடுற மாதிரி குடுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பருப்பு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முதலாளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இதென்ன பெரிய வித்தையா என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினார். மூடிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள் என்று காதர் இரண்டு தடவை சொன்னார். கேட்டால்தானே? பத்தரை மணிக்கு ஒருவழியாக எஞ்சின் கிளம்பியபோது முதலாளியின் முகமும் வேட்டியும் ஒரே நிறமாக இருந்தன. காதர் வண்டியை எடுத்துக்கொண்டு அடையாறுக்குப் போனார்.

அடுத்த நாள் முதலாளி கடைக்கே வரவில்லை. தலைவலி, வாந்தி, கஷாயம் என்று தகவல் வந்தது. காதர் எட்டு மணிக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி நகரவில்லை.

அதற்கு மறுநாள் முதலாளி நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு வந்து, கண்டவர்களிடமெல்லாம் தன் கஷ்டத்தைச் சொன்னார். சாமான் ஏன் வரவில்லை என்று கேட்க மயிலாப்பூரிலிருந்து பங்கஜம் அம்மாள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். கேள்வியை மறந்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உருகினாள்.

"ஆமாம்மா. இது இன்னா சாமான்யப்பட்ட வேலையா? உசுரே போய்டும்," என்றார் முதலாளி.

காதர் வண்டியிலிருந்து இறங்கிக் கடைக்குள் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"மொதலாளி, நேத்து நீங்க படுத்துக்கினு இருந்தீங்க. கடை நடந்துச்சு. ஒரு நாள் வரும்படிய யாருனா உங்களாண்ட புடிச்சுக்கினாங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். பங்கஜம் அம்மாள்தான் கேட்டாள்: "தெனமும் இதை மூட்டறது இவர்தானா?"

ஆமாம் என்று முதலாளி தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லிவிட்டு, காதருக்கு இனி ஆறரையிலிருந்து நேரம் போடு, பிடித்த மூன்று நாளையும் கொடுத்துவிடு என்று என்னிடம் முணுமுணுத்தார். காதர் சாம்பல் வாரும் கரண்டியை எடுத்துக்கொண்டு பீப்பாய்ப் பக்கம் போனார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?