உலகம்மை திறக்காத தொட்டி

1958 ஐப்பசியில், குற்றாலத்துப் பங்களா ஒன்றின் பின்கட்டில் இருந்த நீச்சல் தொட்டிக்குக் குளிர்காலம் வந்துவிட்டதாகச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர், சீமைக்குப் போய்வந்த முதலாளி. தண்ணீர் உறைந்தால் சுவர் வெடிக்குமாம். ஆகையால் தொட்டியை உடனே காலி செய்ய வேண்டுமாம். குற்றாலத்தில் உறைந்த தண்ணீர் என்றால், சர்பத் கடைக்காரர் மரத்தூளில் புதைத்து வைத்திருப்பது ஒன்றுதான்.

பன்னிரண்டு வருஷமாக அந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவந்த உலகம்மை, அடைப்பைத் திறக்க மாட்டேன் என்றாள்.

"திறக்கலேன்னா நாளைலருந்து உனக்கு இங்கன வேலை இல்ல, பாத்துக்கோ" என்றார் மேனேஜர் ஞானதுரை.

"ஐப்பசி மழைக்கு அடியில ஊத்து பொங்குது ஐயா. மேல தண்ணிப் பாரம் இல்லேன்னா தரையைத் தூக்கிப் பொளந்துரும். பொறவு ஒங்க மொதலாளி எதுல நீந்துவாரு, அண்டாவுலயா?"

"சீமையில படிச்சவங்க சொல்லுதாங்க."

"அப்போ சீமைத் தொட்டியத் திறந்துவிடச் சொல்லுங்க!"

சொன்னதோடு நிற்கவில்லை. சேலையை வரிந்து கட்டி, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, அடியிலிருந்த அடைப்புக்கட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டாள். அதைப் பிடுங்க மேனேஜர் முங்கியாக வேண்டும். நீச்சல் தொட்டிக்கு ஆறு வருஷமாக மேனேஜராக இருந்தவருக்கு நீச்சல் தெரியாது.

மழை வலுத்தது. மேனேஜரின் குடை மடங்கியது.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கு ஐயா, எறங்குதீயளா?" என்றாள் உலகம்மை.

ஞானதுரை உள்ளே போய்ப் பதில் எழுதினார்: "தொட்டி குளிர்காலத்துக்குத் தயார். தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ள உலகம்மையை நிரந்தரமாக நியமித்திருக்கிறேன்."