ஆபரேஷன் ஆன பெண்

எனக்கு இரண்டாம் கல்யாணம் அமைந்ததற்குக் காரணம் அழகோ குணமோ இல்லை, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். தரகர் என்னைப் பற்றிச் சொன்னதில் மாமியாருக்கு மிகவும் பிடித்தது, "ரெண்டு பொண்ணு இருக்குது, ஆபரேஷன் ஆயிடுச்சு" என்பதுதான். மனைவியை இழந்த மகனுக்குத் துணை வேண்டும், ஆனால் தாயில்லாத பேரனுக்குப் பங்காளி பிறந்துவிடக் கூடாது. கடலூர் முதுநகரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், சமைக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த ஆபரேஷனைச் செய்தபோதும் என்னை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது பெண் பிறந்ததும் அம்மாவே முடிவு செய்துவிட்டாள், குடிகார மருமகனை நம்பி மூன்றாவது வேண்டாமென்று. நியாயம்தான். அவன் பிறகு குடித்தே செத்தான். இரண்டு பேரையும் பயந்து பயந்துதான் சுமந்தேன். அடி விழுந்தால் முதுகில் விழட்டும் என்று சுவரைப் பார்த்துப் படுத்தது தவிர அந்த மாதங்களில் வேறெதுவும் நினைவில்லை.

இவர் வேறு மாதிரி. துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். பேச்சு குறைவு. எனக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் வைப்பார். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்க நாலாவதுக்கு ஆசைப்பட்டால் ஊர் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இப்படி ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒரே ஒரு தடவை பயமில்லாமல் கர்ப்பமாக இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவரிடம் சொன்னேன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, டாக்டரைப் பார்க்கலாம், ஆனால் கடலூரில் வேண்டாம், தெரிந்த முகம் ஜாஸ்தி என்றார்.

நடராஜரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினோம். பொய்யாகிவிடக் கூடாதென்று கோயிலுக்கும் போனோம். பிறகு ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். அடைத்த கருக்குழாயைத் திரும்ப இணைப்பது ஒன்று. குழாய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. டெஸ்ட் டியூப் இன்னொன்று. அதற்குக் குழாயே தேவையில்லை, ஆனால் ஊசி நிறைய, செலவும் அதிகம். எதற்கும் உத்தரவாதம் கிடையாது. முதலில் இவரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இவருக்குக் குறையொன்றும் இல்லை. எனக்கு இன்னும் வயது இருந்ததால் இணைத்தே பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

ஒட்டின இடம் லீக் ஆகாதா என்று இவர் கேட்டார். டீசல் குழாய் ஞாபகம் போலும். டாக்டரம்மா சிரிக்கவில்லை. லீக் ஆகாது, குறுகலாம் என்றார். குறுகினால் கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிடும், குழாய் வெடித்தால் உயிருக்கு ஆபத்து, அதனால் நாள் தள்ளினால் ஊருக்குச் சொல்லாமல் முதலில் ஸ்கேனுக்கு வாருங்கள் என்றார்.

இதற்கு மேல் வீட்டில் மறைக்க முடியாது. இவர் தன் அம்மாவிடம் சொன்னார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டேன் என்று என் மாமியார் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். என்னிடம் பேசவில்லை.

இணைத்தார்கள். ஒரு பக்கம் நன்றாக அமைந்தது, மறுபக்கம் சந்தேகம்தான் என்றார்கள். மாதா மாதம் ஏமாந்தேன். டெஸ்ட் டியூபுக்குப் போவதா வேண்டாமா என்று நாங்கள் பேச ஆரம்பித்திருந்தபோது நாள் தள்ளியது.

ஓடினோம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. சீக்கிரம் வந்துவிட்டீர்கள், ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே ஒரு வாரம் பொறுப்போம், வலி வந்தால் உடனே வாருங்கள் என்றார்கள். பயமில்லாமல் சுமக்க ஆசைப்பட்டவள் அந்த வாரம் பயந்ததுபோல் எப்போதும் பயந்ததில்லை. வாயுப் பிடிப்பு வந்தால்கூட அவரை எழுப்பினேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து, வலி போகும்வரை கூட இருந்தார்.

அடுத்த ஸ்கேனில் டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார்.

"கர்ப்பப்பைக்குள்ளதாம்மா இருக்கு."

எல்லாருக்கும் பிள்ளை அங்கேதான் இருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் மாமியாரிடம் சொன்னோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே பேசினார்.

"சரி. இது பொறந்ததும் கையோட ஆபரேஷன் பண்ணிடணும்."

அம்மா ஒரு தடவை, தரகர் ஒரு தடவை, இப்போது மாமியார். சுள்ளென்று கோபம் வந்தது.

"பண்ணிக்கலாம் அத்தை. இந்தத் தபா உங்க புள்ள பண்ணிக்கட்டும்."

ஆம்பளையப் போயி, என்று மாமியார் இழுத்தார். இவர் டிவியை அணைத்தார். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எப்ப போவணும்?" என்றார்.