நூருன்னிசா மறைத்துவைத்த வலி

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பெண் ஒருவர் இறந்துவிட்டால், மய்யித்தைக் குளிப்பாட்ட முதலில் நூருன்னிசாவைத்தான் தேடுவார்கள். குளிப்பாட்டுகிறவர் அந்த உடலில் கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது மார்க்கம் விதித்த ஒழுக்கம். இத்தனை ஆண்டுகளில் அவர் அதை ஒருமுறையும் மீறியதில்லை.

ஐம்பத்தெட்டாம் வயதில் அவருடைய இடுப்பு முள்ளெலும்பு ஒன்று முன்பக்கமாக நழுவி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தியது. மருந்தும் பயிற்சியும் பலனளிக்காமல் போகவே அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. சிறு கீறல்களால் செய்வதிலேயே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முதுகுத் தசையை விலக்கி உள்ளே சென்று, நரம்பை அழுத்தும் எலும்பை நேரடியாக அகற்றி, சிறு தாங்கியை வைத்து இணைப்பது. மற்றது, வயிற்றின் பக்கவாட்டிலிருந்து சென்று பெரிய தாங்கியை வைப்பது. எலும்புகளுக்கிடையே உயரம் கூடினால் நரம்புக்குத் தானாகவே இடம் கிடைக்கும்.

அறுவைக்குப் பிறகு மீண்டும் குனிந்து மய்யித்தைக் குளிப்பாட்ட முடியுமா? நூருன்னிசாவுக்கு வேண்டியிருந்த பதில் அது ஒன்றுதான்.

டன்லப் ஸ்திரீட் உணவுக்கடையில் மகன் ஃபாரூக் தன் தீர்ப்பைச் சொன்னான். “பக்கவாட்டு வழிதான் பெட்டர் உம்மா. முதுகுத் தசைய அவ்வளவாத் தொட மாட்டாங்க. நான் ரிசர்ச் பண்ணிட்டேன் லா.”

“மூணு வீடியோ பார்த்தா ரிசர்ச்சா?”

“சரி, நீங்க எத்தனை பேரைக் குளிப்பாட்டியிருக்கீங்க. ஆபரேஷன் தழும்பு பார்த்திருப்பீங்கல்ல? யாருக்கு எந்தப் பக்கம்னு சொல்லுங்க. அவங்க வீட்டுல விசாரிச்சுடுவோம்.”

நூருன்னிசா கோப்பையைக் கீழே வைத்தார். “புரோட்டா ஆறுது. சாப்பிடு.”

அடுத்த வாரம் டாக்டர் ரமணன் படங்களைத் திரையில் காட்டி விளக்கினார். “பெரும்பாலானவங்களுக்கு ரெண்டுலயும் கடைசிப் பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான்மா. எப்படிப் போனாலும் இணைக்கிறது அதே எலும்பைத்தான். இடுப்பு மூட்டுலேர்ந்து குனியப் பழகிக்கலாம். படுத்தா கால் வலி அடங்கிடுதா?”

“படுத்துட்டா வலியே இல்லை டாக்டர்,” என்றான் ஃபாரூக்.

“அப்போ பக்கவாட்டு வழியே போதும்.”

நூருன்னிசா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். “அவன்கிட்ட அப்படிச் சொல்லிவச்சிருந்தேன். படுத்தாலும் விடறதில்லை டாக்டர். இடது கால் எரியும். பாதம் மரத்துப்போகும்.”

ஃபாரூக் திரும்பிப் பார்த்தான். “ஏன் உம்மா சொல்லலை?”

“சொல்லியிருந்தா குளிப்பாட்டப் போக விட்டிருப்பியா?”

டாக்டர் படத்தை மறுபடி பார்த்தார். நரம்பருகே எலும்பு வளர்ந்திருந்தது. படுக்கும்போதும் வலி நீடித்தால் உயரத்தைக் கூட்டுவது மட்டும் போதாமல் போகலாம் என்றார். முதுகு வழியாகச் சென்று நரம்பை நேரடியாக விடுவிப்பதே இவருக்கு நல்லது. நூருன்னிசா ஒப்புக்கொண்டார். பிறர் உடலைப் பற்றி வாய் திறவாதிருப்பதையே கடமையாகக் கொண்டு வாழ்ந்தவருக்குத் தம் உடலைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்திருக்காது. ஆயினும் பேச வேண்டிய இடத்தில் பேசினார்.

அறுவை முடிந்து சில மாதங்கள் கழித்து, பளு தூக்குவதில்லை என்ற நிபந்தனையோடு மீண்டும் குளிப்பாட்டப் போக டாக்டரின் அனுமதி கிடைத்தது. பக்கத்துக் கட்டடத்து வீடொன்றில் இரண்டு பெண்கள் மய்யித்தை மெல்லத் திருப்பிப் பிடிக்க, நூருன்னிசா இடுப்பு மூட்டிலிருந்து குனிந்து, உடலை மூடிய துணியின்மேல் நீரை ஊற்றிக் கழுவினார். கஃபன் துணியைச் சுற்றி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.

கீழே காரில் ஃபாரூக் காத்திருந்தான். “எப்படி இருந்துச்சு உம்மா?”

“முதுகு கொஞ்சம் இறுக்கமா இருக்கு. கால் எரியலை. நாளைக்கு ரெஸ்ட் எடுக்கணும்.”

தம்மைப் பற்றி எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னார். மேலே கண்டதைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.